பெட்டி இருக்கிறது, ஆன் ஆகியிருக்கிறதா?

கிரிட், அதாவது நாடு முழுக்க இணைந்த மின் வலைப்பின்னல், விழுந்தால்தான் எங்கள் வேலை செய்தித்தாளில் வரும். விழாத நாளெல்லாம் எத்தனை மெகாவாட் புதிதாக வந்தது, எத்தனை கோடியில் லைன் போட்டார்கள் என்பதோடு சரி. அந்த லைனில் மின்சாரம் ஆட்டமில்லாமல் ஓட ஒரு கூட்டம் எலக்ட்ரானிக் கன்ட்ரோலர்கள் ராப்பகலாக உழைக்கின்றன. இது ஈஇஇ (மின் பொறியியல்) படிக்கிற பிள்ளைகளுக்கே ஏதோ ஒரு பாடத்தில் ஒரு யூனிட்டாகத்தான் தெரியும். பரீட்சை முடிந்ததும் அதுவும் போய்விடும்.

நான் அந்தக் கன்ட்ரோலர்களுக்கு செட்டிங் போட்டுச் சோதிக்கிற ஆள். லேப்டாப்பையும் ரெக்கார்டரையும் தூக்கிக்கொண்டு அனல் மின் நிலையம், நீர்மின் நிலையம், துணை மின் நிலையம் என்று ஊர் ஊராகப் போவதுதான் பிழைப்பு. இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு அபிப்பிராயம் உறுதிப்பட்டுவிட்டது. கருவிகளை நாம் ஓரளவு வாங்கித்தான் வைத்திருக்கிறோம். வாங்குவதில் காட்டுகிற அக்கறையில் பாதியை, அதை ஆனில் வைப்பதிலும் ஒழுங்காக டியூன் செய்வதிலும் காட்டினால் நம் கிரிட் இன்னும் நிம்மதியாகத் தூங்கும்.

முதலில், எது ஆடுகிறது என்று சொல்லிவிடுகிறேன். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாக நம் தென் மண்டலம் மற்ற மண்டலங்களோடு இணைந்தது. அன்றிலிருந்து தூத்துக்குடியில் சுற்றுகிற ஜெனரேட்டரும் பஞ்சாபில் சுற்றுகிற ஜெனரேட்டரும் ஒரே தாளத்தில் சுற்றியாக வேண்டும். 50 ஹெர்ட்ஸ் என்றால் அனல் நிலையத்து மெஷின் நிமிஷத்துக்கு 3000 சுற்று. எங்கேயோ ஒரு லைன் ட்ரிப் ஆனாலோ (தானே துண்டித்துக்கொண்டாலோ) ஒரு யூனிட் (ஒரு ஜெனரேட்டர்) விழுந்தாலோ, ஒரு பக்கத்து மெஷின்கள் எல்லாம் சேர்ந்து கொஞ்சம் முந்தும், இன்னொரு பக்கத்து மெஷின்கள் பிந்தும், பிறகு அப்படியே மாறும். சராசரியாகப் பார்த்தால் 50 ஹெர்ட்ஸ்தான் இருக்கும். ஆனால் நடுவில் இருக்கிற லைன்களில் நூற்றுக்கணக்கான மெகாவாட் முன்னும் பின்னும் அலையும். ஒரு நிலையம் மட்டும் கிரிட்டோடு ஆடினால் செகண்டுக்கு ஒன்றிரண்டு ஆட்டம். மண்டலத்தோடு மண்டலம் ஆடினால் அது மெதுவாக இருக்கும். ஒரு ஆட்டம் முடிய இரண்டு செகண்ட் ஆகலாம், நான்கைந்து செகண்டும் ஆகலாம். அடங்கினால் யாருக்கும் தெரியாது. வளர்ந்தால் எல்லோருக்கும் தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆட்டத்தை வளர்ப்பதில் பங்கு வகிப்பதே சில சமயம் எலக்ட்ரானிக் கன்ட்ரோலர்தான். ஜெனரேட்டரின் வோல்டேஜைப் பிடித்து வைக்கும் ஏவிஆர் என்ற கருவி, பழைய காலத்தில் மந்தமாக வேலை செய்தது. ஷார்ட் சர்க்யூட் வந்து போன முதல் செகண்டில் மெஷின் கைவிட்டுப் போகாமல் இருக்க வேகமான எக்சைடேஷன் (ஜெனரேட்டரில் சுற்றுகிற பாகமான ரோட்டாரின் காந்தத்துக்குக் கரண்ட் கொடுப்பது) வேண்டும் என்று தைரிஸ்டர் என்ற எலக்ட்ரானிக் சுவிட்ச் போட்டு அதை வேகமாக்கினார்கள். அந்த முதல் செகண்ட் பிழைத்தது. ஆனால் ஏவிஆர் உத்தரவு கொடுத்து, ஃபீல்ட் வைண்டிங்கில் (காந்தச் சுருளில்) கரண்ட் மாறி, காந்தப் புலம் மாறுவதற்குள் கொஞ்சம் நேரம் ஆகிவிடுகிறது. அந்தத் தாமதத்தால் உதவி வந்து சேரும்போது ரோட்டார் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது. அதாவது ஆட்டத்தைத் தடுக்க வேண்டிய கை அதைத் தள்ளிவிடுகிறது. லோடு அதிகமாகவும் லைன் நீளமாகவும் இருந்தால் இது இன்னும் மோசம். டெமெல்லோ, கன்கார்டியா என்ற இருவர் 1969ல் எழுதிய கட்டுரையில் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இன்றைக்கும் இந்தத் துறைக்கு வருகிறவர்கள் அந்தக் கட்டுரையிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அதற்கு வந்த மருந்துதான் பவர் சிஸ்டம் ஸ்டெபிலைசர், சுருக்கமாகப் பிஎஸ்எஸ். பெட்டி என்று பழக்கத்தில் சொல்கிறோம். இப்போதெல்லாம் ஏவிஆர் சாஃப்ட்வேருக்குள்ளேயே நான்கைந்து பிளாக்குகளாக இருக்கும். ரோட்டாரின் வேகத்தையும் வெளியே போகிற மெகாவாட்டையும் பார்த்து, எவ்வளவு தாமதம் வரும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, ஏவிஆருக்கு ஒரு சின்னத் திருத்தம் கொடுக்கும். அதிகபட்சம் ஐந்து சதவீதம், சில இடங்களில் பத்து. அதற்கு மேல் அதை விடமாட்டார்கள். தேரோட்டத்தில் ஆயிரம் பேர் வடம் இழுத்தாலும், சக்கரத்தடியில் குனிந்து முட்டுக்கட்டை போடுகிற நாலு பேர்தான் தேரை முனையில் திருப்புவார்கள், இல்லையா? பிஎஸ்எஸ் செய்வது அதுதான். கட்டை சின்னது, போடுகிற நேரம் முக்கியம். நேரம் தப்பினால் கட்டை இருப்பதே ஆபத்து.

அந்த நேரத்தைப் பிடிப்பதுதான் எங்கள் டியூனிங். எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். யூனிட்டை முக்கால்வாசி லோடுக்கு மேலே நிறுத்தச் சொல்வோம். ஷிப்ட் இன்ஜினியர் முகத்தில் ஈயாடாது. ஓடுகிற யூனிட்டில் யாரோ வெளியாள் லேப்டாப்பைச் செருகி நோண்டப் போகிறான், ட்ரிப் ஆனால் பதில் சொல்வது யார்? "சார், அடுத்த ஓவர்ஹாலுக்கு அப்புறம் வெச்சுக்கலாமே" என்பதுதான் முதல் வரவேற்பு. டீ வரும், சமாதானம் ஆகும், கிரிட்டை மேற்பார்க்கிற லோடு டிஸ்பாட்ச் சென்டரிடம் அனுமதி வாங்குவோம். பிறகு பிஎஸ்எஸ்ஸை ஆஃப் செய்துவிட்டு, ஏவிஆரின் ரெஃபரன்ஸில் (அது பிடிக்க வேண்டிய வோல்டேஜ் அளவில்) இரண்டு சதவீதம் ஸ்டெப், அதாவது திடீர் மாற்றம், கொடுப்போம். ரெக்கார்டரில் மெகாவாட் கோடு மேலும் கீழும் ஏழெட்டு முறை ஆடி, அலுத்துப்போய் அடங்கும். இப்போது பிஎஸ்எஸ்ஸை ஆன் செய்து அதே ஸ்டெப். ஒன்றரை ஆட்டம், முடிந்தது. பக்கத்தில் நின்று பார்க்கிற ஷிப்ட் இன்ஜினியர் அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

எனக்குப் பிடித்த கட்டம் அடுத்ததுதான். கெயினை, அதாவது பிஎஸ்எஸ் எவ்வளவு பலமாகத் திருத்த வேண்டும் என்ற எண்ணை, எவ்வளவு வைப்பது? கணக்கு ஒரு எண் சொல்லும், ஆனால் மெஷினிடமே கேட்டுவிடுவது நல்லது. கெயினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போவோம். ஐந்து, எட்டு, பன்னிரண்டு. மெகாவாட் கோட்டில் ஒன்றும் இருக்காது. கண்ணை ஃபீல்ட் வோல்டேஜ் கோட்டின் மேல் வைத்திருக்க வேண்டும். ஒரு கட்டத்தில் அது மெல்ல நடுங்கத் தொடங்கும். ரோட்டாரின் ஆட்டத்தைவிட வேகமான நடுக்கம். எக்சைடேஷனும் பிஎஸ்எஸ்ஸும் ஒன்றையொன்று துரத்துகின்றன என்று அர்த்தம். அந்த நடுக்கம் அடங்காமல் நிற்கப் பார்க்கும்போது உடனே ஆஃப். கை எப்போதும் அந்த பட்டன் மேலேயே இருக்கும். நடுக்கம் வந்த கெயினில் மூன்றில் ஒரு பங்கை இறுதி செட்டிங்காக வைப்பது வழக்கம்.

சோதனை முடிந்து ரிப்போர்ட்டில் கையெழுத்தும் வாங்கிவிட்டு வருவோம். சில வருஷம் கழித்து அதே மாதிரி நிலையங்களுக்குப் போனால் பிஎஸ்எஸ் ஆஃபில் இருக்கும். ஒரு நிலையத்தில் (பெயர் வேண்டாம்) எக்சைடேஷன் ஸ்கிரீனில் மூன்றாவது மெனுவுக்குள் 'ஆஃப்' என்று அடக்கமாக எழுதியிருந்தது. கன்ட்ரோல் ரூம் டெஸ்க்கில் அதற்கு ஒரு விளக்குகூட இல்லை. ஏன் ஆஃப் செய்தீர்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. ஒரு பழைய ஆபரேட்டர்தான் சொன்னார்: "அது ஆன்ல இருந்தா லோடு ஏத்தும்போது மெகாவார் முள் டான்ஸ் ஆடுது சார். மேலே இருந்து போன் வரும். அதான் யாரோ எடுத்து விட்டுட்டாங்க."

மெகாவார் என்பது ரியாக்டிவ் பவரின் அளவு: மெகாவாட் மாதிரி வேலை செய்யாமல், காந்தப் புலத்துக்காகப் போய் வந்து வோல்டேஜைத் தாங்குகிற பவர். அவர் சொன்னது பொய்யில்லை. மெகாவாட்டை மட்டும் பார்த்து வேலை செய்கிற பழைய வகை பிஎஸ்எஸ்ஸுக்கு, நீராவி வால்வைத் திறந்து லோடு ஏற்றுவதும் ஒரு ஆட்டம் மாதிரியே தெரியும். அது தேவையில்லாமல் வோல்டேஜை இழுக்கும், மெகாவார் குதிக்கும். வேகத்தையும் மெகாவாட்டையும் சேர்த்துப் பார்த்து, மெஷினுக்கு உள்ளே வருகிற எந்திர சக்தியின் மாற்றத்தைக் கழித்துவிடுகிற பிஎஸ்எஸ்2ஏ, 2பி வகைகள் வந்ததற்குக் காரணமே இந்தத் தொல்லைதான். அந்த நிலையத்தில் இருந்தது புது வகை. பழைய யூனிட்டில் பட்ட கஷ்டத்தின் ஞாபகத்தில் புது யூனிட்டிலும் ஆஃப் செய்திருக்கிறார்கள். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆபரேட்டருக்குத் தொல்லை கொடுக்கிற எந்தப் பெட்டியும் ஆனில் நிலைக்காது. அதைத் தொல்லை கொடுக்காதபடி வைப்பது எங்கள் பொறுப்பு. ஆனில் இருக்கிறதா என்று டெஸ்க்கிலேயே தெரியும்படி வைப்பது நிலையத்தின் பொறுப்பு.

இது ஏதோ என் தனிப்பட்ட புலம்பல் என்று நினைக்க வேண்டாம். 2012 ஜூலை 30, 31 தேதிகள் ஞாபகம் இருக்கும். முதல் நாள் அதிகாலை இரண்டரை மணி சுமாருக்கு வட மண்டலம் விழுந்தது. அடுத்த நாள் மதியம் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் விழுந்தன. இரண்டு நாளும் தொடக்கம் பினா - குவாலியர் 400 கிலோவோல்ட் லைனில்தான். அங்கே ஷார்ட் சர்க்யூட் எதுவும் இல்லை. அளவுக்கு மீறிய லோடையே பாதுகாப்பு ரிலே ஃபால்ட் (பழுது) என்று எடுத்துக்கொண்டு லைனைத் துண்டித்தது. தெற்கு தப்பித்ததற்குக் காரணம், அப்போது நாம் எச்விடிசி (உயர் வோல்டேஜ் டிசி இணைப்பு; அதன் இரண்டு பக்கமும் ஒரே தாளத்தில் சுற்ற வேண்டியதில்லை) வழியாக மட்டுமே இணைந்திருந்ததுதான். அந்த விசாரணைக் குழுவின் பரிந்துரைகளில் ஒன்று எனக்கு மனப்பாடம் மாதிரி: எச்விடிசி, டிசிஎஸ்சி, எஸ்விசி (இந்த இரண்டும் பின்னால் வரும்), பிஎஸ்எஸ் போன்ற கருவிகளை உடனே தணிக்கை செய்து, அவற்றின் நிலைத்தன்மைக்கான வசதிகள் செயல்பாட்டில் இருப்பதை உறுதி செய்ய வேண்டும். புதிதாக வாங்கு என்று சொல்வதற்கு முன்னால், இருப்பது ஓடுகிறதா பார் என்கிறார்கள்!

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1996 ஆகஸ்ட் 10, கடும் வெயில். ஓரிகனில் கீலர் - ஆல்ஸ்டன் 500 கிலோவோல்ட் லைன் சூட்டில் தொய்ந்து மரத்தில் பட்டது. சில நிமிஷத்தில் மெக்நேரி அணையின் ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக எக்சைடேஷன் பாதுகாப்பால் ட்ரிப் ஆக ஆரம்பித்தன. நான்கு செகண்டுக்கு ஒரு ஆட்டம் என்று மேற்குக் கரை முழுக்க ஆடத் தொடங்கியது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிது. ஒன்றரை நிமிஷத்துக்குள் கலிபோர்னியா இணைப்பு அறுந்து, மேற்கு கிரிட் நான்கு துண்டானது. எழுபது லட்சத்துக்கு மேற்பட்ட நுகர்வோருக்கு மின்சாரம் போனது. ஆனால் இந்தத் துறையில் எல்லோரும் இன்னும் காட்டிக்கொண்டிருப்பது அதற்குப் பிறகு வந்த ஒரு படத்தைத்தான். அன்றைய நிலவரத்தை அப்படியே கம்ப்யூட்டர் மாடலில் போட்டு ஓட்டினார்கள். மாடலில் ஆட்டம் சமர்த்தாக அடங்கிவிட்டது. நிஜத்தில் பதிவான கோடு வளர்ந்துகொண்டே போகிறது, மாடல் கோடு தட்டையாகிறது; இரண்டையும் மேலும் கீழுமாக வைத்த அந்தப் படத்தைப் பார்த்தால் திட்டமிடுகிற எவருக்கும் வயிற்றைக் கலக்கும். தாளில் இருக்கிற கன்ட்ரோலரும் தளத்தில் இருக்கிற கன்ட்ரோலரும் ஒன்றல்ல என்று அன்றைக்குத் தெரிந்தது. ஜெனரேட்டரை நேரில் சோதித்து மாடலைச் சரிபார்க்க வேண்டும் என்று அங்கே கட்டாயமாக்கினார்கள். என்னைப் போன்றவர்களுக்குச் சோறு போடுவது ஒரு வகையில் அந்த ஆகஸ்ட் 10தான்.

சரி, ஜெனரேட்டரை விட்டு லைனுக்கு வருவோம். லைனையே எலக்ட்ரானிக்ஸால் கட்டுப்படுத்தலாம் என்ற யோசனைக்கு ஃபேக்ட்ஸ் என்று பெயர் வைத்தவர் நரேன் ஹிங்கோரானி. எண்பதுகளின் கடைசியில், அமெரிக்காவின் எப்ரி ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தபோது. புதிய லைன் போட நிலமும் அனுமதியும் கிடைப்பது கஷ்டம், இருக்கிற லைனிலேயே பயமில்லாமல் அதிகம் அனுப்ப வழி பார்ப்போம் என்பதுதான் அடிப்படை. எஸ்விசி, ஸ்டாட்காம் (இரண்டும் மெகாவார் கொடுத்தும் உறிஞ்சியும் வோல்டேஜைப் பிடிப்பவை), டிசிஎஸ்சி எல்லாம் இந்தக் குடும்பம்.

தமிழ்நாட்டில் உடுமலைப்பேட்டையிலும் திருச்சியிலும் ±200 மெகாவார் ஸ்டாட்காம்கள் இருக்கின்றன. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆன என் சித்தப்பா, கோவில்பட்டிப் பக்கம், ஒரு தடவை போனில் ஸ்டாட்காம் படம் காட்டியபோது கேட்டார்:

"இது எத்தன மெகாவாட்டுடே?"

"மெகாவாட்டே கிடையாது சித்தப்பா. பூஜ்யம்."

"அப்போ இவ்ளோ துட்டக் கொட்டி எதுக்குடே வச்சிருக்காங்க?"

முப்பந்தலில் காற்றாலை வந்த புதிதில் காற்று சீசனில் என்ன ஆகும் என்று திருப்பிக் கேட்டேன். சட்டென்று பிடித்துக்கொண்டார். அந்தக் காலத்துக் காற்றாலையில் இருந்தது சாதாரண இண்டக்‌ஷன் மெஷின். மெகாவாட் கொடுக்கும், ஆனால் காந்தப் புலத்துக்கு வேண்டிய ரியாக்டிவ் பவரை லைனிலிருந்து உறிஞ்சும். காற்று வீச வீச ஃபீடர் கடைசியில் வோல்டேஜ் இறங்கும். "கெப்பாசிட்டர் பேங்க் போட்டோம்லா. அது காத்து நின்னதும் வோல்டேஜத் தூக்கிரும். போய் எடுத்து விடணும்" என்றார். அதேதான். ரியாக்டிவ் பவர் கொடுக்கிற கெப்பாசிட்டர் ஆன் அல்லது ஆஃப், நடுவில் எதுவும் கிடையாது. சுவிட்ச் போடும் வேகம்தான் அதன் வேகம். ஸ்டாட்காம், ஐஜிபிடி என்ற எலக்ட்ரானிக் சுவிட்சுகளை வைத்து தானே ஒரு வோல்டேஜை உருவாக்கி, வேண்டும்போது கொடுக்கும், வேண்டாதபோது உறிஞ்சும். சில பத்து மில்லி செகண்டில் முழு அளவுக்குப் போய்விடும். லைன் வோல்டேஜ் பாதியாக விழுந்தாலும் கரண்ட் முழுசாகக் கொடுக்கும். எஸ்விசியும் கெப்பாசிட்டரும் அந்த நேரத்தில்தான் கைவிரிக்கும், ஏனென்றால் அவற்றின் மெகாவார் வோல்டேஜின் வர்க்கத்தோடு சரிகிறது. சித்தப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ ஆள் போகாண்டாம்" என்றார். இதைவிடச் சுருக்கமாக ஸ்டாட்காமை யாரும் விளக்கி நான் கேட்டதில்லை.

வெளியே பேசப்படாத ஒரு வேலையும் ஸ்டாட்காமுக்கு உண்டு. மின் தட்டுப்பாட்டுக் காலத்தில் வோல்டேஜ் இறங்குவதுதான் பிரச்சினை. இப்போது ராத்திரி இரண்டு மணிக்கு வோல்டேஜ் ஏறுவதுதான் தலைவலி. 400 கிலோவோல்ட் லைன் கிலோமீட்டருக்கு அரை மெகாவார் சுமாருக்குத் தானே உற்பத்தி செய்யும். லோடு இருந்தால் அது செலவாகும். மழை பெய்து ஊரே ஃபேனை நிறுத்திவிட்டுத் தூங்கினால் வோல்டேஜ் 420ஐத் தாண்டும். அதுதான் மேல் எல்லை. மெகாவார் உறிஞ்சுகிற சுருள்களான ரியாக்டர்களை எல்லாம் போட்டும் அடங்காவிட்டால் கடைசியில் என்ன செய்வார்கள் தெரியுமா? நல்ல லைன்களையே திறந்து வைப்பார்கள். கோடிக்கணக்கில் போட்ட லைனை ராத்திரி நிறுத்தி, காலையில் சேர்ப்பது. திறந்து கிடக்கிற நேரத்தில் கிரிட் மெலிந்திருக்கும். ஸ்டாட்காம் 200 மெகாவாரை உறிஞ்சினால் அந்த லைன்களில் சில ராத்திரியும் சேர்ந்தே இருக்கலாம்.

ஆனால் இங்கேயும் என் பழைய பல்லவிதான். ஸ்டாட்காமை வோல்டேஜ் மோடில் விட்டால், அது வோல்டேஜைப் பார்த்துத் தானே முடிவெடுக்கும். பக்கத்தில் இருக்கிற ரியாக்டர், கெப்பாசிட்டர்களைச் சேர்த்துவிட்டு, தான் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து, அடுத்த அடிக்குத் தயாராக நிற்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரு இடத்தில் அதை நிலையான மெகாவார் மோடில் போட்டு, கிட்டத்தட்ட அதிகபட்ச அளவுக்கு உறிஞ்சச் சொல்லி நாள்கணக்கில் விட்டிருந்தார்கள். விலை உயர்ந்த ரியாக்டர், அவ்வளவுதான். திடீரென்று பக்கத்து லைன் விழுந்தால் அது ஒரு விரலைக்கூட அசைக்காது. ஆபரேட்டருக்கு அந்த மோடு பிடிக்கும், ஏனென்றால் எண் அசையாது. அசைவதற்காகத்தான் அதை வாங்கினோம் என்று புரியவைக்க அரை நாள் ஆயிற்று. போகிற போக்கில் இன்னொன்று: ஸ்டாட்காம் என்றால் எல்லோரும் ஐஜிபிடி பற்றிக் கேட்பார்கள். என் அனுபவத்தில் அதை அதிகம் நிறுத்துவது கூலிங் தண்ணீர்தான். வால்வு என்று நாங்கள் சொல்கிற ஐஜிபிடி அடுக்குகளுக்குள் ஓடுகிற தண்ணீரில் உப்பு துளிகூட இருக்கக் கூடாது. கண்டக்டிவிட்டி கொஞ்சம் ஏறினால் அலாரம், இன்னும் ஏறினால் ட்ரிப். உப்பை எடுக்கிற ரெசினை நேரத்துக்கு மாற்றாத இடத்தில் எந்தக் கன்ட்ரோல் தத்துவமும் செல்லாது.

டிசிஎஸ்சி வேறு ரகம். நீளமான லைனின் நடுவே தொடராகக் கெப்பாசிட்டர் வைத்தால் லைன் மின்சாரக் கணக்கில் குட்டையாகிவிடும், அதிகம் அனுப்பலாம். ஆனால் சும்மா கெப்பாசிட்டர் வைத்தால் வேறொரு வம்பு. 1970லும் 1971லும் நெவாடாவின் மொஹாவே அனல் நிலையத்தில் தொடர் கெப்பாசிட்டரும் டர்பைன் ஷாஃப்ட்டும் ஒத்திசைந்து, தண்டியான இரும்பு ஷாஃப்ட்டே பழுதானது. கெப்பாசிட்டருக்குப் பக்கத்தில் தைரிஸ்டரும் ரியாக்டரும் போட்டு, அதன் அளவை ஓட்டத்திலேயே கூட்டிக் குறைக்கும்படி செய்தால் அது டிசிஎஸ்சி. பிரேசில் தன் வடக்கு, தெற்கு கிரிட்டுகளை 1999ல் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒற்றை 500 கிலோவோல்ட் லைனால் இணைத்தபோது, ஐந்து செகண்டுக்கு ஒன்று என்று ஒரு ஆட்டம் வரும் என்று கணக்கு சொன்னது. இரண்டு முனைகளிலும், இம்பெராட்ரிஸிலும் செர்ரா டா மேசாவிலும், டிசிஎஸ்சி வைத்தார்கள். பவர் அலையும்போது கெப்பாசிட்டரைக் கொஞ்சம் கூட்டுவது, திரும்பும்போது குறைப்பது. ஆட்டம் அடங்கிவிடுகிறது. நம் நாட்டில் ராய்ப்பூர் - ரூர்கேலா லைனில் மேற்கையும் கிழக்கையும் இணைக்கும் இடத்தில் வைத்ததும் அதே காரணத்துக்குத்தான்.

எச்விடிசி பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுத வேண்டும். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு ±800 கிலோவோல்டில் 6000 மெகாவாட் வருகிறது. புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் ±320 கிலோவோல்ட் இணைப்பு ஸ்டாட்காம் மாதிரியே ஐஜிபிடி வகை, இரண்டு முனையிலும் மெகாவாரையும் தனியாகக் கட்டுப்படுத்தும். பக்கத்து ஏசி லைன்களில் ஆட்டம் வந்தால் டிசி பவரை எதிர்த்தாளத்தில் கூட்டிக் குறைத்து அடக்குகிற வசதி இந்த மாதிரி இணைப்புகளில் உண்டு. உண்டு என்பது ஒன்று, எனேபிள் ஆகியிருக்கிறது என்பது வேறு. இதை இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டபோது, எங்கள் வாட்ஸப் குரூப்பில் பத்து பேர் பத்து காரணம் சொன்னார்கள். சோலார்தான் காரணம் என்று ஒரு கட்சி, சோலாரைக் குறை சொல்லாதே என்று ஒரு கட்சி. பதிவுகள் வெளிவந்த பிறகு பார்த்தால் கதை வேறு மாதிரி. மதியம் 12:33க்கு விழுவதற்கு அரை மணி நேரம் முன்னாலேயே, 12:03க்கு ஒரு ஆட்டம், 12:19க்கு இன்னொரு ஆட்டம். இரண்டாவது, ஐரோப்பா முழுக்க ஆடுகிற, ஐந்து செகண்டுக்கு ஒன்று வரும் பழைய ஆட்டம். ஆபரேட்டர்கள் பாடத்தில் உள்ளபடி செய்தார்கள்: லைன்களைச் சேர்த்தார்கள், பிரான்சுக்குப் போகிற ஏற்றுமதியைக் குறைத்தார்கள். ஆட்டம் அடங்கியது. ஆனால் கூடுதல் லைன், குறைந்த லோடு என்றால் என்ன ஆகும்? நம் ராத்திரி இரண்டு மணிக் கதை. வோல்டேஜ் ஏறத் தொடங்கியது. அங்கே சோலார், காற்றாலைகளை விதிப்படியே நிலையான பவர் ஃபேக்டரில் (மெகாவாட்டுக்கு இவ்வளவு மெகாவார் என்ற மாறாத விகிதத்தில்) வைத்திருந்தார்கள். வோல்டேஜ் ஏறினாலும் அவை கூடுதலாக உறிஞ்சப் போவதில்லை. மெகாவாட் குறைந்தால் உறிஞ்சுவதும் சேர்ந்தே குறையும். வோல்டேஜ் உயர்ந்து ஒரு நிலையம் ட்ரிப், அதனால் இன்னும் உயர்ந்து அடுத்தது ட்ரிப் என்று சில செகண்டில் முடிந்துவிட்டது. உறிஞ்சத் தெரிந்த இன்வெர்ட்டர்கள் ஆயிரக்கணக்கில் நின்று வேடிக்கை பார்த்தன, யாரும் அவற்றிடம் கேட்கவில்லை. பிறகு அந்த விதியை மாற்றினார்கள்.

நம் விதி இதில் கொஞ்சம் மேல். மத்திய மின்சார ஆணையத்தின் இணைப்புத் தரநிலை, சோலாரும் காற்றாலையும் பவர் ஃபேக்டர் 0.95 லேகிங்கிலிருந்து (கொடுப்பது) 0.95 லீடிங் (உறிஞ்சுவது) வரை நிலைமைக்கேற்ப மாறும் ரியாக்டிவ் பவர் தர வேண்டும் என்கிறது. அதைத் தளத்தில் சோதித்துப் பார்க்கிறபோதுதான் சுவாரசியம். இன்வெர்ட்டர் தயார். அதற்கு மேலே இருக்கிற பிளான்ட் கன்ட்ரோலரில் வோல்டேஜ் மோடு இருக்கிறது. ஆனால் டிரூப் செட்டிங் (வோல்டேஜ் எவ்வளவு விலகினால் எவ்வளவு மெகாவார் என்ற விகிதம்) தொழிற்சாலையிலிருந்து வந்த எண்ணிலேயே இருக்கும். பக்கத்துப் பக்கத்தில் மூன்று சோலார் பார்க், மூன்று கம்பெனி கன்ட்ரோலர், ஒரே பஸ்ஸின் (லைன்கள் வந்து சேரும் பொதுக் கம்பியின்) வோல்டேஜை மூன்றும் பிடிக்கப் பார்த்தால், ஒன்று கொடுக்கும், ஒன்று உறிஞ்சும், வோல்டேஜ் நடுவில் கிடந்து இழுபடும். மூவரையும் ஒரே மேசையில் உட்கார வைப்பது டியூனிங்கைவிடக் கடினம். கன்ட்ரோலருக்குள் என்ன இருக்கிறது என்று காட்டமாட்டார்கள், பூட்டிய மாடல் ஃபைல்தான் தருவார்கள். தொண்ணூற்றாறில் பட்டது போதாது போல.

ராத்திரியில் அந்த இன்வெர்ட்டர்கள் சும்மாதான் கிடக்கின்றன. வெயில் இல்லாவிட்டாலும் மெகாவார் உறிஞ்ச அவற்றால் முடியும். கொஞ்சம் மெகாவாட் நஷ்டம் மட்டும் கிரிட்டிலிருந்து எடுக்கும். வோல்டேஜ் ஏறுகிற அதே நேரத்தில், லைனைத் திறக்கிற அதே துணை மின் நிலையத்துக்குப் பக்கத்தில். அந்த நஷ்டத்துக்கு யார் காசு கொடுப்பது என்று பேசி முடிவாகாமல் அந்த ஆப்ஷன் பல இடங்களில் டிக் செய்யப்படாமல் இருக்கிறது. சோலார் நிலையம் வைத்திருக்கிறவர் கேட்பது நியாயம். கொடுத்துவிடலாம் என்பது என் கட்சி. புது ரியாக்டர் வாங்குவதைவிட மலிவாகத்தான் வரும். இந்தப் பதிவைப் படிக்கிறவர்களில் சோலார் நிலையத்தில் வேலை செய்கிறவர்கள் இருந்தால், உங்கள் பிளான்ட் கன்ட்ரோலரில் இரவு மோடு என்று ஒன்று இருக்கிறதா, எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். இரண்டாவது அல்லது மூன்றாவது மெனுவுக்குள் இருக்கும்.